ஒரு கோலுக்குக் கைதட்டியது போதும்

ஜிம்மி கிளாஸ் அடித்த கோலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெயர் ஞாபகம் இல்லாமல் இருக்கலாம், கோல் ஞாபகம் இருக்கும். ஆட்டம் முடிய சில வினாடிகள்தான் பாக்கி. கார்னர் கிக். எதிரணியின் கோலுக்கு முன்னால் ஒரே கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள், தன் கோலை அம்போவென்று விட்டுவிட்டு ஓடி வந்த ஒரு கோல்கீப்பர். ஒருவர் தலையால் முட்டுகிறார், எதிரணி கீப்பர் தடுக்கிறார், தெறித்து வந்த பந்தை நம்ம ஆள் ஓங்கி ஒரு உதை. கோல்! ஜனங்கள் மைதானத்துக்குள் ஓடி வந்து அவர் மேல் விழுகிறார்கள்.

எங்கள் வகுப்பு வாட்சப் குரூப்பில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது இந்தக் கிளிப் வந்துவிடும். கூடவே "நெவர் கிவ் அப்" என்று ஒரு வரி, நாலைந்து தீப்பிழம்பு பொம்மைகள். செமஸ்டர் நேரத்தில் வந்தால் கூடுதலாக ஒரு கும்பிடு.

எனக்கு அந்தக் கோல் மேல் கோபம் இல்லை. எத்தனை தடவை பார்த்தாலும் சிலிர்க்கத்தான் செய்கிறது. அந்த ஒரு வரி மேல்தான் கோபம். இங்கிலாந்தின் கீழ் லீக்குகளில் ஆடுகிற ஒரு சாதாரண தொழில்முறை வீரனின் வாழ்க்கை விடாமுயற்சியாலும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது என்று நாம் நம்புவதற்கு இந்த மாதிரிக் கதைகள்தான் காரணம். அது பொய். அவன் வாழ்க்கையைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு புத்தகங்கள். ஒன்று லீக்கின் விதிப் புத்தகம், இன்னொன்று கிளப்பின் கணக்குப் புத்தகம். இரண்டையும் எழுதியவர்கள் மனிதர்கள்தான். எந்த வருடம் எதை எழுதினார்கள் என்பதற்குக் கூட சாட்சி இருக்கிறது. கடைசி நிமிட கோலைக் காட்டி அந்தப் புத்தகங்களை மறைக்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பி.காம். படிக்கிறவனுக்கு ஃபுட்பாலில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: கணக்குப் புத்தகம் என்று சொன்னேனே, அதுதான் வேலை.

கிளிப் முடிந்த பிறகு என்ன நடந்தது?

முதலில் பின்னணி. இங்கிலாந்தில் மேல் மட்டம் பிரீமியர் லீக், 20 கிளப்புகள். அதற்குக் கீழே மூன்று டிவிஷன்கள், தலா 24 கிளப்புகள். ஆக மொத்தம் 92. இந்த 92-க்கு வெளியே போய்விட்டால் 'நான்-லீக்'. டிவி பணம் சுருங்கும், ஸ்பான்சர் சுருங்குவார், முழுநேர வீரர்களை வைத்துக்கொள்வதே பெரும்பாடு. 1999-ல் நான்காம் மட்டத்தின் பெயர் 'மூன்றாம் டிவிஷன்' (சிரிக்காதீர்கள், பிரீமியர் லீக் தனியாகப் பிரிந்து போனதால் வந்த வினை). அதில் கடைசியாக வரும் ஒரே ஒரு கிளப் வெளியே தள்ளப்படும்.

1999 மே 8, சீசனின் கடைசி நாள். ஸ்காட்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கார்லைல் யுனைடெட் கடைசி இடத்தில் நிற்கிறது. 1928-லிருந்து லீக்கில் இருக்கும் கிளப். அதற்கு ஒரு புள்ளி மேலே ஸ்கார்பரோ. கார்லைல் தன் வழக்கமான கோல்கீப்பரை விற்றுவிட்டது. பதிலுக்கு லோனில் வந்தவரும் இல்லை. அவசரத்துக்கு ஆள் எடுக்கலாம் என்றால் டிரான்ஸ்ஃபர் கெடு முடிந்துவிட்டது. லீக் நிர்வாகம் விசேஷ அனுமதி கொடுத்தது. அப்படி ஸ்விண்டன் டவுனிலிருந்து லோனில் வந்தவர்தான் ஜிம்மி கிளாஸ், வயது 25. ஸ்விண்டனில் மேனேஜரோடு ஒத்துப்போகாமல் ஓரம்கட்டப்பட்டிருந்தவர். கார்லைலுக்காக அவர் ஆடியது மொத்தம் மூன்றே ஆட்டம். மூன்றாவது ஆட்டம்தான் அது. பிளிமத்துக்கு எதிராக 1-1 என்று இருந்தபோது கோல். 2-1. கார்லைல் பிழைத்தது.

அந்த விசேஷ அனுமதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிளப்புக்கு ஆபத்து என்றால் விதி வளையும்.

சரி, அதற்குப் பிறகு? கார்லைல் அவரை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்விண்டனுக்கே திரும்பினார். அப்புறம் கேம்பிரிட்ஜ், பிரென்ட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் என்று கிளப் கிளப்பாகச் சுற்றி, முப்பதைத் தொடும் முன்பே தொழில்முறை ஆட்டத்தை விட்டார். கோல்கீப்பர்கள் முப்பதுக்கு மேல்தான் பழுப்பார்கள் என்று சொல்வார்கள். பீட்டர் ஷில்டன் நாற்பதைத் தாண்டியும் லீக்கில் ஆடினார். கிளாஸ் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்றார், டாக்சி ஓட்டினார். 2004-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார். தன்னைப் பிடித்திருந்த சூதாட்டப் பழக்கத்தைப் பற்றியும் பின்னர் வெளிப்படையாகப் பேசினார். பல வருடம் கழித்து பழைய கிளப்பான போர்ன்மத், வீரர்களின் அன்றாடத் தேவைகளைக் கவனிக்கும் வேலையை அவருக்குக் கொடுத்தது.

"ஐயோ பாவம் ஜிம்மி" என்று அழ வைக்க இதைச் சொல்லவில்லை. டாக்சி ஓட்டுவதில் ஒரு கேவலமும் இல்லை. என் கேள்வி எளிமையானது. அந்தக் கோல் ஒரு கிளப்பின் 71 வருட லீக் வாழ்வைக் காப்பாற்றியது. டிக்கெட் வருமானம், டிவி பங்கு, ஸ்பான்சர் எல்லாம் தப்பித்தது. அந்த லாபம் கார்லைல் கணக்கில் ஏறியது. அதை அடித்தவருக்கு அந்தக் கிளப்பில் அடுத்த சீசனுக்கு ஒரு ஒப்பந்தம் கூட வரவில்லை. இதில் "நெவர் கிவ் அப்" எங்கே இருக்கிறது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது, கிளிப்பில் வராத பக்கம். ஸ்கார்பரோ அன்று தன் ஆட்டத்தை 1-1 என்று டிரா செய்துவிட்டு, தப்பித்தோம் என்று அவர்கள் ரசிகர்கள் மைதானத்தில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். கார்லைலில் விழுந்த கோல் செய்தி அப்போதுதான் வந்தது. அந்தக் கிளப் மறுபடி லீக்குக்குள் வரவே இல்லை. 2007-ல் கடனில் மூழ்கி இழுத்து மூடப்பட்டது. அந்த வீரர்களும் விட்டுக்கொடுக்கவில்லை ஐயா. அவர்களும் கடைசி நிமிடம் வரை ஓடினார்கள். அவர்களுக்கு எந்த வாசகத்தை ஃபார்வர்ட் செய்வீர்கள்?

டோனி ஃபோர்ட் என்று ஒருவர் இருக்கிறார். 1975-ல் பதினாறு வயதில் கிரிம்ஸ்பி டவுனுக்கு ஆட ஆரம்பித்து 2001-ல் ரோச்டேலில் முடித்தார். லீக்கில் 931 ஆட்டங்கள். கோல்கீப்பர்களைத் தவிர்த்துப் பார்த்தால் இங்கிலீஷ் லீக்கில் இத்தனை ஆட்டம் ஆடியவர் வேறு யாரும் இல்லை. ஸ்டோக், வெஸ்ட் பிராம், ஸ்கன்தார்ப், மேன்ஸ்ஃபீல்டு என்று இருபத்தாறு வருடம் உழைத்த மனிதர். விடாமுயற்சி என்றால் இதுதான் விடாமுயற்சி. அவர் கிளிப் எந்த குரூப்பிலாவது வந்து பார்த்திருக்கிறீர்களா? வராது. 931 ஆட்டத்தை முப்பது வினாடி வீடியோவாக வெட்ட முடியாது.

"வார்டி மேலே வரவில்லையா?"

இந்தப் பேச்சை எடுத்தாலே அடுத்து விழும் பெயர் ஜேமி வார்டி. நியாயமான பெயர்தான். பதினாறு வயதில் ஷெஃபீல்டு வென்ஸ்டே அவரை வெளியே அனுப்பியது. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் என்ற சின்ன கிளப்பில் வாரம் 30 பவுண்டுக்கு ஆடினார். பகலில் தொழிற்சாலை வேலை. ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் வழியாக 2012-ல் லெஸ்டருக்கு 10 லட்சம் பவுண்டுக்குப் போனார். 2016-ல் பிரீமியர் லீக் சாம்பியன். இன்னொரு பெயர் ரிக்கி லாம்பர்ட். சிறுவயதில் லிவர்பூல் வெளியே அனுப்பியவர், கிளப் கிடைக்காத காலத்தில் பீட்ரூட் பாட்டிலில் அடைக்கும் ஆலையில் நின்றவர். 2013-ல் இங்கிலாந்து அணிக்காக முதல் ஆட்டத்தில், முதல் தொடுகையிலேயே ஸ்காட்லாந்துக்கு எதிராக கோல்.

இரண்டும் அருமையான கதைகள். ஆனால் இவை எதை நிரூபிக்கின்றன? பிரீமியர் லீக்குக்குக் கீழே 72 கிளப்புகள். கிளப்புக்கு 25 பேர் என்று தோராயமாக வைத்தாலும் 1,800 பேர். ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பலர் உள்ளே வருகிறார்கள், பலர் வெளியே போகிறார்கள். இருபது வருடக் கணக்கில் எத்தனை ஆயிரம் பேர் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதில் நாம் மூச்சுவிடாமல் சொல்லும் பெயர்கள் எத்தனை? ஒரு கை விரல்கள் போதும்.

லாட்டரியில் ஜெயித்தவரின் பேட்டியை மட்டும் போட்டால் லாட்டரி நல்ல முதலீடு மாதிரித்தான் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். வார்டியையும் லாம்பர்ட்டையும் வெளியே அனுப்பியவை பெரிய பயிற்சிக் கூடங்கள் வைத்திருந்த கிளப்புகள். அப்படியென்றால் திறமையை இனம் காண்பதில் அந்த அமைப்பு தோற்றது என்றுதானே அர்த்தம்? அந்தத் தோல்வியைக் காட்டியே "பார்த்தீர்களா, அமைப்பு திறந்துதான் இருக்கிறது" என்று விற்கிறார்களே, அந்தத் திறமையை என்னவென்று சொல்ல!

கணக்குப் புத்தகத்தில் இல்லாத ஆள்

இப்போது என் ஏரியா.

ஒரு கிளப் ஒரு வீரரை 1 கோடி பவுண்டு கொடுத்து வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போடுகிறது என்று வையுங்கள். அந்த 1 கோடி முழுக்க அந்த வருடச் செலவாகப் போகாது. 'இன்டேன்ஜிபிள் அசெட்' என்று பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். வருடத்துக்கு 20 லட்சம் வீதம் ஐந்து வருடத்தில் கழியும். நாம் மெஷினுக்குப் போடும் தேய்மானம் மாதிரியே, பெயர் மட்டும் அமார்டைசேஷன். இங்கிலாந்தில் 1998 இறுதியில் அமலுக்கு வந்த கணக்கியல் தரத்துக்குப் பிறகு எல்லா கிளப்பும் இப்படித்தான் காட்டியாக வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்து இலவசமாக வந்த வீரர்? விலை பூஜ்யம், அதனால் பேலன்ஸ் ஷீட்டிலும் பூஜ்யம். சொந்த அகாடமியில் பத்து வருடம் வளர்த்த பையன்? அவனும் பூஜ்யம். இவர்கள் புத்தகத்தில் தெரியும் ஒரே இடம் லாப நஷ்டக் கணக்கில், சம்பளச் செலவு என்ற வரி. கீழ் லீக்குகளில் பெரும்பாலான வீரர்கள் இந்த ரகம்தான். அங்கே விலை கொடுத்து வாங்குவதே அபூர்வம்.

இதனால் என்ன ஆகிறது? விலை கொடுத்து வாங்கிய வீரரைப் பாதியில் அனுப்பினால் மீதி மதிப்பை நஷ்டமாக எழுத வேண்டும். சேர்மன் யோசிப்பார். காலில் அடிபட்டால் நல்ல டாக்டரிடம் அனுப்புவார், ஆட்டம் கெட்டால் இன்னும் ஆறு மாதம் பொறுப்பார். இலவசமாக வந்தவரை அனுப்பினால் எழுத வேண்டிய நஷ்டம் எதுவும் இல்லை, செலவு மட்டும் குறையும். ஜூன் 30-ல் ஒப்பந்தம் முடியும். மே மாதம் ஒரு பட்டியல் வரும், யார் இருப்பார்கள் யார் போவார்கள் என்று. சீசன் முழுக்க நன்றாக ஆடியவன் கூட அதில் 'ரிலீஸ்' என்ற தலைப்பின் கீழ் இருக்கலாம். அடுத்த வருட பட்ஜெட் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் காரணம்.

"கணக்கியல் தரம் வீரரைக் கொல்லுமா? ஓவராகப் பேசாதே" என்று நண்பன் ஒருவன் சொன்னான். கொல்லாது. ஆனால் எதை எண்ணுகிறோமோ அதைத்தான் பாதுகாப்போம் என்பது காஸ்ட் அக்கவுண்டிங் முதல் பாடம். இந்த மனிதர்களை எண்ணுகிற கட்டமே அங்கே இல்லை.

"எல்லாம் மார்க்கெட் தீர்மானிப்பது"

இதுதான் நம் துறைக்காரர்களின் பிரம்மாஸ்திரம். திறமைக்கு ஏற்ற கூலி, விருப்பப்பட்டால் ஆடட்டும், இல்லையென்றால் வேறு வேலை பார்க்கட்டும். சரி, அந்த மார்க்கெட் எப்படி வந்தது என்று வரிசையாகப் பார்ப்போமா?

1961 வரை இங்கிலாந்தில் எந்த வீரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி. மைதானத்தில் அறுபதாயிரம் பேர் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தாலும் அதே 20 பவுண்டு. அப்போது மார்க்கெட் எங்கே போயிருந்தது? ஜிம்மி ஹில் தலைமையில் வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்ற பிறகுதான் அந்த விதி ஒழிந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரை விடாமல் பிடித்து வைக்கலாம் என்று இன்னொரு விதி. ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசிலை எதிர்த்து கோர்ட்டுக்குப் போய், 1963-ல் அது தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பு வாங்கினார்.

டிவி பணம் 1980-களின் நடுப்பகுதி வரை 92 கிளப்புகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. ஆம், சமமாக! டிக்கெட் வசூலிலும் வந்து ஆடும் அணிக்கு ஒரு பங்கு போகும். 1983-ல் டிக்கெட் பங்கை நிறுத்தினார்கள். அடுத்த சில வருடத்தில் டிவி பங்கைத் தங்கள் பக்கம் சாய்த்தார்கள். 1992-ல் மேல் டிவிஷன் கிளப்புகள் மொத்தமாகப் பிரிந்து பிரீமியர் லீக் என்று கடை போட்டார்கள். எந்த மார்க்கெட்டும் இதைச் செய்யவில்லை. பெரிய கிளப்புகள் "பிரிந்து போய்விடுவோம்" என்று மிரட்டி வாங்கியவை.

பலன்? 2025-26 சீசனிலிருந்து நான்கு வருடத்துக்கு பிரீமியர் லீக்கின் உள்நாட்டு டிவி உரிமை மட்டும் 670 கோடி பவுண்டு. வெளிநாட்டுப் பணம், நாம் கட்டும் சந்தா உட்பட, தனி. அதற்குக் கீழே உள்ள 72 கிளப்புகளுக்கு 2024-25 சீசனிலிருந்து ஐந்து வருடத்துக்கு 93.5 கோடி. வருடக் கணக்கில் வகுத்துப் பாருங்கள். மேலே 20 கிளப்புக்கு சுமார் 167 கோடி, கீழே 72 கிளப்புக்கு சுமார் 19 கோடி. அந்தப் 19-லும் பெரும்பங்கு இரண்டாம் மட்டத்துக்கே போய்விடும். நான்காம் மட்டத்துக்கு வருவது மிச்சம் மீதி. பிரீமியர் லீக் தானாகவும் கீழே கொஞ்சம் பணம் அனுப்புகிறது, மறைக்கவில்லை. ஆனால் அதில் பெரிய தொகை, மேலிருந்து இறங்கி வந்த கிளப்புகளுக்குத்தான் போகிறது. ஏற்கெனவே குடை வைத்திருப்பவனுக்கு இன்னொரு குடை. இன்னும் கொஞ்சம் நியாயமாகப் பிரிப்பது பற்றிப் பேசி, பேசி, 2024 மார்ச்சில் பிரீமியர் லீக் கிளப்புகள் கூடி, புதிய திட்டம் எதையும் முன்வைக்காமலே கலைந்தார்கள்.

இப்போது கிளைமாக்ஸ். 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், மூன்றாம் மட்டத்துக்கு வருடம் 25 லட்சம் பவுண்டு, நான்காம் மட்டத்துக்கு 15 லட்சம் என்று கிளப்புகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள். அந்த வரம்பு அந்த இரண்டு மட்டங்களுக்கு மட்டும். மேலே உள்ள கோடீஸ்வரர்களுக்குச் சம்பள உச்சவரம்பு இல்லை, அடிமட்டத்தில் இருப்பவனுக்கு உண்டு! வீரர்கள் சங்கத்தை முறைப்படி கலந்தாலோசிக்கவில்லை என்று நடுவர் குழு சொல்லி, 2021 பிப்ரவரியில் அது வாபஸ் ஆனது. மார்க்கெட் தீர்மானிக்கட்டும் என்பவர்கள் அந்த ஆறு மாதம் எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

சம்பளமே வராத மாதங்கள்

குறைந்த சம்பளம் ஒரு பக்கம். வராத சம்பளம் இன்னொரு பக்கம்.

பரி என்ற கிளப். 1885-ல் தொடங்கியது, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பை வென்றது. 2018 டிசம்பரில் 1 பவுண்டுக்கு கைமாறியது. (டீ விலை கூட அதைவிட அதிகம்.) அடுத்த மாதங்களில் சம்பளம் தடைபட்டது. அந்த நிலையிலும் வீரர்கள் ஆடி, நான்காம் மட்டத்தில் இரண்டாவதாக வந்து மேலே ஏறினார்கள். சம்பளம் வராத ஆட்கள் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தார்கள் ஐயா! 2019 ஆகஸ்ட் 27-ல் கிளப்பை லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறது என்று உரிமையாளர் நிரூபிக்கவில்லை. விளைவு வீரர்கள் தலையில். பலர் கோடையிலேயே கிளம்பியிருந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் சீசன் தொடங்கிய பிறகு கிளப் தேட வேண்டியிருந்தது.

அதே வருடம் நவம்பரில் மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் வீரர்கள் சம்பளம் வராததால் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் இறங்க மறுத்தார்கள். சின்னப் பையன்களை வைத்து ஆடி, தங்களைவிடப் பல படி கீழே இருந்த கிங்ஸ்டோனியனிடம் 4-0 என்று தோற்றது கிளப். 2020 செப்டம்பரில் கோர்ட் அதை மூட உத்தரவிட்டது.

கிளாஸுக்காக வளைந்த விதி ஞாபகம் இருக்கிறதா? கோல்கீப்பர் இல்லாத கிளப்புக்கு விசேஷ அனுமதி கிடைத்தது. சம்பளம் இல்லாத வீரனுக்கு எந்த அவசர அனுமதியும் அவசர நிதியும் அந்த வேகத்தில் வரவில்லை.

இதோடு இன்னொரு வேடிக்கை. இந்த 72 கிளப்புகளின் லீக்குக்கு 2013 முதல் பெயர் கொடுத்த ஸ்பான்சர் ஒரு பந்தய நிறுவனம், ஸ்கை பெட். 2014 ஆகஸ்டிலிருந்து தொழில்முறை வீரர்கள் உலகில் எங்கு நடக்கும் ஃபுட்பால் மேலும் பந்தயம் கட்டக் கூடாது என்று தடை. தடை சரியானதுதான். ஆனால் 22 வயதுப் பையன், மதியத்துக்கு மேல் பயிற்சி இல்லை, அடுத்த ஜூலையில் வேலை இருக்குமா தெரியாது, அவன் ஆடும் லீக்கின் பெயரிலேயே பந்தயக் கடை. சூதாட்டத்தில் சிக்கினால் தவறு முழுக்க அவனுடையது மட்டும்! ஜிம்மி கிளாஸ் தன் பழக்கத்தைப் பற்றிப் பேசியபோது தனி மனிதக் கதையாக வாசித்துவிட்டு நகர்ந்தோம்.

என்னதான் செய்யச் சொல்கிறாய்?

குறை மட்டும் சொல்லிவிட்டு ஓடுகிறான் என்று வேண்டாம். மூன்று விஷயம்.

ஒன்று, முன்வைப்பு. கிளப்பை வாங்குகிறவர் ஒரு சீசனுக்கான சம்பளத் தொகையை லீக்கிடம் முன்கூட்டியே கட்டட்டும். வீடு வாடகைக்கு எடுக்கவே பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். நூறு வருட கிளப்பை 1 பவுண்டுக்கு வாங்குகிறவரிடம் கேட்கக் கூடாதா?

இரண்டு, பிரிவுத் தொகை. கிளப் தானாக வெளியே அனுப்பும் வீரருக்கு, ஆடிய வருடங்களின் கணக்கில் ஒரு தொகை. எந்தத் தொழிற்சாலையிலும் பணிக்கொடை என்று ஒன்று இருக்கிறது. அனுப்பினால் கிளப்புக்கு ஏதாவது செலவாக வேண்டும், அப்போதுதான் அனுப்புவதற்கு முன் யோசிப்பார்கள். புத்தகத்தில் பூஜ்யமாக இருப்பவனுக்கு ஒரு மதிப்பு கொடுக்க இதுவே நேர்வழி.

மூன்று, டிவி பணப் பங்கீடு. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஃபுட்பாலுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவரும் சட்டத்தை நிறைவேற்றியது. உரிமையாளர்களைச் சோதிக்கலாம், கிளப்புக்கு லைசென்ஸ் கொடுக்கலாம், மேல் கீழ் லீக்குகள் பணத்தைப் பங்கிடுவதில் ஒத்துவராவிட்டால் தலையிடலாம். வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் கிளப் மேலும் ரசிகர் மேலும்தான் இருக்கிறது. மே மாதப் பட்டியலில் பெயர் வரும் வீரன் அதில் ஓரமாகத்தான் நிற்கிறான். கிளப் பிழைத்தால் வீரனும் பிழைப்பான் என்ற நம்பிக்கைதான் அங்கேயும். கார்லைல் பிழைத்தது, கிளாஸ் என்ன ஆனார் என்று மேலே படித்தீர்கள்.

"இத்தனை செலவு வைத்தால் சின்ன கிளப்புகள் மூடிவிடும்" என்று சொல்வார்கள். 1961-ல் 20 பவுண்டு வரம்பை எடுத்தபோதும் ஃபுட்பால் அழிந்துவிடும் என்றார்கள். அழியவில்லை. செலவை வீரன் தலையில் வைத்துத்தான் ஒரு கிளப் உயிரோடு இருக்க முடியும் என்றால், அந்த கிளப்புக்கு உண்மையில் நிதி கொடுப்பவன் அந்த வீரன்தான். அப்படியென்றால் அவனுக்குப் பங்குச் சான்றிதழாவது கொடுங்கள்!

கடைசியாக நம் பங்கு. சனிக்கிழமை இரவு பிரீமியர் லீக் பார்க்கிறோம், சந்தா கட்டுகிறோம், இருபது கிளப்பின் வரலாறும் விரல் நுனியில். அதைக் குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன். அந்தக் கோலையும் தாராளமாக ஃபார்வர்ட் செய்யுங்கள். கீழே "நெவர் கிவ் அப்" என்று மட்டும் போடாதீர்கள். "மூன்று ஆட்டம், ஒரு கோல், அடுத்த சீசன் ஒப்பந்தம் இல்லை" என்று போடுங்கள். குரூப்பில் யாராவது ஒருவராவது "ஏன்?" என்று கேட்பார்கள். கேட்டால் 1983, 1992, 2020 என்று மூன்று வருடங்களைச் சொல்லுங்கள்.

மறுப்பவர்கள் கணக்கோடு வாருங்கள். மோட்டிவேஷன் வாசகங்களோடு வந்தால் பதில் கிடையாது :-)